மடி இல்லாத வலை

தண்டையார்பேட்டை
19.8.2024

வினிதா அப்பாவுக்கு,

ஃப்ளோரன்ஸ் எழுதுவது. நீங்களும் உங்களுடன் வேலை செய்பவர்களும் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் வினிதாவும் சுகம்.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பீர்கள். நீங்கள் மலைக்குப் போன எட்டு மாதத்தில் நாம் போனில் பேசியது ஆறு தடவை. ஆறு தடவையும் சண்டை. நான் பேசினால் நடுவில் நீங்கள் நுழைவீர்கள், நீங்கள் பேசினால் நான் நுழைவேன், கடைசியில் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுவோம். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. பிடிக்கிறதோ இல்லையோ முழுக்கப் படித்துத்தான் ஆக வேண்டும். வலை ஏற்றிக்கொண்டு வரும் லாரியில் முபாஷிரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதில் இருந்தால் அவனிடமே கொடுங்கள். இல்லையென்றாலும் பரவாயில்லை.

இப்போது வேலை விஷயம். சுப்புராஜ் அண்ணாச்சி பட்டறையில் நாங்கள் பதினோரு பெண்கள், மேஸ்திரி நான். பத்துப் பேர் காசிமேட்டில் நைலான் வலை கட்டிப் பழகிய கை. ரமாபாய் மட்டும் எம்.கே.பி. நகர், கடலைப் பீச்சில் நின்று பார்த்ததோடு சரி. மெஷினில் வரும் கம்பி வலையை நாலு மீட்டர் அகலத்துக்கு இணைத்து, மேல் ஓரத்தில் இரும்பு வடம் கோத்துக் கொடுப்பது எங்கள் வேலை. மலையில் பாறை பெயர்ந்து ரோட்டில் விழாமல் இருக்கத் தொங்கவிடுகிற வலை. நீங்கள் வேலை செய்கிற ரோட்டு வளைவுக்கு மொத்தம் இருபத்தெட்டு.

அண்ணாச்சி காட்டிய டிராயிங்கைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலையின் அடி அப்படியே திறந்து கிடக்கிறது! அடி இல்லாத சாக்கில் யாராவது அரிசி போடுவார்களா? படித்தவர்கள் மறந்துவிட்டார்கள், நமக்கு என்ன கண் இல்லையா? கழித்துப் போட்ட துண்டு வலையை எடுத்து, கீழே உள்பக்கமாக மடக்கி, இரண்டு ஓரமும் கம்பியால் தைத்து, ஒவ்வொன்றுக்கும் நல்ல ஆழமாக ஒரு மடி வைத்துவிட்டோம். கல் உருண்டு வந்தால் மடியில் உட்காரும். ரோட்டுக்கு வராது.

ரமாபாய்தான் தயங்கினாள். "அக்கா, டிராயிங்ல இது இல்லியே. ஒரு வார்த்த கேட்டுட்டு செய்லாமே."

"நீ கடல்ல வலை வுட்டுப் பாத்துகீறியா?" என்று கேட்டேன். கம்பியை எடுத்துக்கொண்டு தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

நல்லது செய்ய எதற்கு ஆள் ஆளாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்? இத்துடன் பதினெட்டு வருகிறது. மடியில் கை வைத்து இழுத்துப் பாருங்கள், ஒரு தையல் விடாது. நெத்திலிக் கருவாடு தனிப் பொட்டலத்தில் இருக்கிறது. அது உங்களுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும்.

இப்படிக்கு,
வினிதா அம்மா ஃப்ளோரன்ஸ்


கோத்தகிரி ரோடு முகாம்
29.8.2024

வினிதா அம்மாவுக்கு,

ஜேக்கப். சுகம். கருவாடு வந்த அன்றே காலி.

'நீங்கள், நீங்கள்' என்று பார்த்ததும் வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக 'யோவ்' என்று கூப்பிட்டவள் நீ. அதையே எழுது. எனக்கும் சுளுவாக இருக்கும்.

காகிதத்தில் குறுக்கே பேச முடியாது என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். படிக்கும்போது நாலு இடத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினேன். பக்கத்தில் இருந்தவன், "இன்னாண்ணே, மீன் மாதிரி பண்றே?" என்கிறான்.

இங்கே வேலை எப்படி என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நாங்கள் இருப்பது ஒன்பதாவது வளைவு. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம். பாறை உச்சியில் துளை போட்டு நங்கூரம் இறக்கி, காரை ஊற்றி, அதில் வடம் இழுத்து, வடத்திலிருந்து உன் வலைகளைத் தொங்கவிடுகிறோம். ஆறு பேர் இடுப்பில் கயிற்றோடு பாறையில் இறங்குவோம். கயிறு கட்டுவதையும் காற்றைப் பார்ப்பதையும் இவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கடலில் பழகிய நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. என்னை மேஸ்திரி ஆக்கிவிட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது.

காலையில் எட்டே காலுக்கு ஒரு பஸ் வரும். எஸ்டேட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற பஸ். வளைவில் திரும்பும்போது அத்தனை பிள்ளைகளும் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக் கை ஆட்டும். போன வருஷ மழையில் இதே இடத்தில் பாறை விழுந்து இரண்டு நாள் ரோடு அடைத்துக் கிடந்ததாம். பஸ் தாண்டிப் பத்து நிமிஷத்தில் விழுந்ததாம். வருகிற மழைக்குள் முடித்தாக வேண்டும்.

மடி அருமை. எனக்கும் டிராயிங்கைப் பார்த்து அதே சந்தேகம்தான். கேட்கலாம் என்றால் இன்ஜினியர் ஷிஜி மேடம் மூன்று வாரமாக வேறு சைட்டில். வலை என்றால் மடி இருக்கணும், இதில் கேட்க என்ன இருக்கிறது? பத்து வலையைத் தொங்கவிட்டாயிற்று.

ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். 'நல்லது செய்ய எதற்குக் கேட்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறாய். நம் மீன்பிடி போட்டை விற்ற அன்றும் இதைத்தான் சொன்னாய். நான் கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஊன்றுகோலோடு கரைக்கு வந்து பார்த்தால் போட் நின்ற இடத்தில் மணல்தான் இருந்தது. விற்றது தப்பு என்று நான் இன்றுவரை சொன்னதில்லை. யாரைக் கேட்டு விற்றாய் என்றுதான் கேட்டேன். மூன்று வருஷமாக அதற்குப் பதில் வரவில்லை.

வினிதாவைக் கேட்டதாகச் சொல்.

ஜேக்கப்


தண்டையார்பேட்டை
6.9.2024

யோவ்,

சுளுவாக இருக்கிறதா?

போட்டைப் பற்றி எழுதாமல் உன்னால் ஒரு காகிதத்தை முடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். சரி, கேட்டுக்கொள். கடல் உன்னை இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தது. முதல் தடவை ஒரு நாள், இரண்டாவது தடவை மூன்று நாள். அந்த மூன்று நாளும் வினிதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையில் நின்றவள் நான். உனக்கு அது கதை. டீக்கடையில் சொல்லிச் சிரிக்கிற கதை. நீ கால் உடைந்து கிடந்தபோது, மூன்றாவது தடவைக்கு நான் நிற்க மாட்டேன் என்று முடிவு செய்தேன், விற்றேன். உன்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாய். வேண்டாம் என்று சொல்லப் போகிறவனை எதற்குக் கேட்க வேண்டும்? இதுதான் பதில். மூன்று வருஷம் காத்திருந்தாய், வாங்கிக்கொள்.

என் கொடுமையைப் பார். கடலில் விழக் கூடாது என்று போட்டை விற்றேன். நீ போய் மலையில் தொங்கிக்கொண்டிருக்கிறாய்! கர்த்தர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

உன் கடிதத்தை வினிதாவிடம் காட்டினேன். நர்சிங் இரண்டாம் வருஷம் வந்ததிலிருந்து அவளுக்கு எல்லாவற்றிலும் ஆஸ்பத்திரி நினைப்புதான். "உங்க ரெண்டு பேரையும் ஒரே வார்டுல போட்டாக்கூட டிரிப்ஸ் பாட்டிலாலயே அட்ச்சிக்குவீங்கோ" என்கிறாள். வாயைப் பார்.

மீதிப் பத்தும் இந்த லாரியில் வருகிறது. எல்லாவற்றுக்கும் மடி உண்டு. ரமாபாய் இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை, முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொள்கிறாள். அடுத்த ஆர்டர் வந்தால் டிராயிங் போடுகிறவர்களையே பட்டறைக்கு வரச் சொல்லி மடி வைத்து வரையச் சொல்லப் போகிறேன்.

எலுமிச்சை ஊறுகாய் வைத்திருக்கிறேன். மலைக் குளிருக்கு மோர் குடிக்காதே.

ஃப்ளோரன்ஸ்


கோத்தகிரி ரோடு முகாம்
20.9.2024

ஃப்ளோராவுக்கு,

சுகம். ஊறுகாய் நன்றாக இருந்தது.

அடுத்த ஆர்டருக்கு மடி வைக்க வேண்டாம். டிராயிங்கில் எப்படி இருக்கிறதோ அப்படியே தையுங்கள். காரணம் அப்புறம் சொல்கிறேன். ரமாபாயிடமும் மற்றவர்களிடமும் இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

நான் கொஞ்ச நாளாகக் கயிற்றில் இறங்குவதில்லை. கீழே ரோட்டில் வண்டிகளை நிறுத்தி விடுகிற வேலை. காலுக்கும் ஓய்வாக இருக்கிறது. கவலைப்பட ஒன்றுமில்லை.

வினிதா பரீட்சை எப்போது?

ஜேக்கப்


தண்டையார்பேட்டை
26.9.2024

ஜேக்கப்,

உனக்குப் பொய் சொல்ல வராது. இருபத்திரண்டு வருஷத்தில் காலுக்கு ஓய்வு வேண்டும் என்று ஒரு நாள் சொன்னதுண்டா? உன் கடிதத்தைப் படித்ததும் முபாஷிரை லாரியிலிருந்து இறங்கவிடாமல் பிடித்துக்கொண்டேன். பாவம், அவன் நெளிந்தான். உனக்குச் சத்தியம் செய்து கொடுத்தானாம். நான் விடவில்லை.

"அண்ணன் இப்போ செவப்புக் கொடி புட்ச்சிகினு ரோட்ல நிக்கிறாருக்கா. தூறலுக்கே மடியில கல்லு ரொம்பிகிச்சு. மேல நங்கூரத்துல காரை வெடிப்பு வுட்டுக்கீது. மேடம் வந்து பாத்துட்டு, யார் வேலை இதுன்னு கத்துனாங்கோ. நான்தான் சைட்ல மடக்கித் தெச்சேன்னு அண்ணன் சொல்ட்டாரு. மாசக் கடைசில அனுப்பிடுவாங்கன்னு பேசிக்கிறாங்கோ."

 எனக்கு வந்தது அவமானம் இல்லை, உன் மேல் கோபம். நேராக அண்ணாச்சியிடம் போய் ஷிஜி மேடத்துக்குப் போன் போட்டேன். "மேடம், தெச்சது நானு. அவரு இல்ல. பட்டறைலயே தெச்சு அனுப்புனது. டிராயிங்கைப் பாத்துட்டே மாத்துனேன்" என்றேன்.

 அந்தப் பெண் நாகர்கோவில் பேச்சில் நிதானமாகச் சொன்னாள். "அக்கா, இது மீன் வலை இல்ல கேட்டீங்களா? இது கல்லைப் பிடிக்கதுக்கு இல்ல. கல்லு துள்ளி ரோட்டுக்கு வராம, வலைக்கும் பாறைக்கும் நடுவுல உருண்டு, கீழ வாய்க்கால்ல விழணும். விழுந்ததை நாங்க அள்ளிருவோம். நீங்க பிடிச்சு வச்சீங்கன்னா ஒவ்வொண்ணா சேர்ந்து, ஒரு நாளு நங்கூரத்தோட மொத்தமும் ரோட்டுல வந்து விழும்."

எட்டே கால் பஸ்ஸை நினைத்தேன். ஜேக்கப், அதில் கை ஆட்டுகிற அத்தனை பிள்ளைகளையும் நினைத்தேன். வலை என்றால் பிடிக்கணும் என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தோன்றவே இல்லையே! மீன் வலையே தொடாத ரமாபாய்க்குத் தோன்றியது. அவள் காகிதத்தைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன். அவளிடம் எல்லாப் பெண்களுக்கும் முன்னால் தப்பு என்னுது என்று சொல்லிவிட்டேன். இனிமேல் டிராயிங் பார்ப்பது அவள்தான், நான் சாதாரணத் தையல்காரி. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை, நானே சொல்லிவிட்டேன்.

இப்போது உன்னிடம் வருகிறேன். என் தப்பை எடுத்து உன் தலையில் வைத்துக்கொள்ள உனக்கு யார் சொன்னது? யாரைக் கேட்டு அப்படிச் சொன்னாய்? நான் குழந்தையா? என் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று நீ கொடி பிடித்துக்கொண்டு நிற்பாய், நான் இங்கே ஒன்றும் தெரியாமல் மேஸ்திரி என்று சுற்றிக்கொண்டிருப்பேன், அது எனக்கு நல்லதா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

இந்த வரியை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இது நீ கேட்ட கேள்வி. அன்றைக்கு ஊன்றுகோலோடு கரையில் நின்று கேட்டாயே, அதே கேள்வி. நல்லதுதானே செய்தேன், இதற்கு ஏன் இந்த ஆள் மூன்று வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு வயிறு எரிகிற எரிச்சலில் தெரிகிறது. நல்லதாகவே இருந்தாலும் எரிகிறது.

உன்னைக் கேட்டிருக்க வேண்டும். நீ வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும், சண்டை போட்டிருந்தாலும், கேட்டிருக்க வேண்டும். தப்புதான். மன்னித்துக்கொள்.

அடுத்தது மழை. மூன்று வாரம்தான் இருக்கிறது என்று மேடம் சொல்கிறாள். கட்டர் போட்டு அறுத்தால் வலைக் கம்பியும் சேர்ந்து அறுந்துவிடும். பிரித்துத்தான் எடுக்க வேண்டும். உங்கள் ஆட்கள் எல்லாரும் சேர்ந்தும் ஒரு மடியைப் பிரிக்க ஒரு நாள் ஆகிறதாம். ஆகாமல் என்ன, அது எங்கள் இரட்டை முடிச்சு. நாங்கள் ஆறு பேர் வந்தால் ஐந்து நாளில் இருபத்தெட்டையும் பிரித்துவிடுவோம். வலையின் அடி ரோட்டு ஓரத்துக்குத்தான் வருகிறது, நின்றபடியே பிரிக்கலாம். மேடம் சரி என்றுவிட்டாள். அண்ணாச்சி சரி என்றுவிட்டார். லாரியில் முபாஷிர் இடம் வைத்திருக்கிறான்.

ஆனால் அது நீ இருக்கிற இடம். நான் வரலாமா? நீ சொன்னால்தான் ஏறுவேன். வேண்டாம் என்றால் ரமாபாய் தலைமையில் மற்றவர்களை அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஃப்ளோரா


கோத்தகிரி ரோடு முகாம்
28.9.2024

ஃப்ளோரா,

முபாஷிர் வண்டியை ஓரம் கட்டி நிற்கிறான், அவசரமாக எழுதுகிறேன். மேடம் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டுத் திரும்பக் கயிற்றில் ஏற்றிவிட்டார்கள்.

வா. ஸ்வெட்டர் எடுத்துக்கொள், கடன் வாங்கியாவது எடுத்துக்கொள். இங்கே குளிர் உன் வாயை விட மோசம்.

ஜேக்கப்


கோத்தகிரி ரோடு முகாம்
18.10.2024

அன்புள்ள ஃப்ளோரா,

நீங்கள் ஆறு பேரும் நல்லபடியாக வீடு சேர்ந்ததை முபாஷிர் சொன்னான். நீங்கள் போன பிறகு முகாம் பேஜாராக இருக்கிறது. ஐந்து நாள் உங்கள் சத்தத்தில் கல் விழுந்தால்கூடக் கேட்டிருக்காது. கடைசி மடியை ரமாபாய் பிரித்து, அந்தத் துண்டு வலையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாளே, அதை இங்கே இன்னமும் பேசிச் சிரிக்கிறார்கள்.

மழை பதினைந்தாம் தேதி வந்தது. விடாமல் இரண்டு நாள். நான் வளைவில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாம் நாள் காலையில் ஏழரை இருக்கும், மேலே எங்கேயோ ஒரு கல் பெயர்ந்தது. கடகடவென்று வலைக்குள்ளேயே உருண்டது. வலை முழுக்க ஒரு தடவை உதறியது. துள்ளப் பார்க்கிறது, வலை அமுக்குகிறது, திரும்பத் துள்ளப் பார்க்கிறது. கடைசியில் அடி வழியாக வந்து வாய்க்காலில் தொப்பென்று விழுந்தது. சோற்று அண்டா அளவு இருக்கும். ரோட்டில் ஒரு கூழாங்கல்கூட இல்லை. மேலே போய் நங்கூரங்களைப் பார்த்தோம், வெடித்து மறுபடி காரை ஊற்றியது உட்பட ஒன்றுகூட அசையவில்லை. எட்டே கால் பஸ்ஸை அரை மணி நேரம் நிறுத்தி வைத்து, மேடம் சரி என்ற பிறகு விட்டோம். பிள்ளைகள் வழக்கம்போலக் கை ஆட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மழையில் யாருக்கும் தெரியவில்லை.

இப்போது ஒரு விஷயம். ஷிஜி மேடத்துக்கு வடக்கே இமயமலைப் பக்கம் ரோடு வேலை கிடைத்திருக்கிறது. என்னைக் கயிறு மேஸ்திரியாக வரச் சொல்கிறார்கள். இரண்டு வருஷம். நடுவில் ஒரு தடவைதான் லீவு. அங்கே பாறை இதைவிடப் பெரிது, உயரமும் அதிகம். நீ பயப்படுவாய் என்று தெரிந்தும் மறைக்காமல் சொல்கிறேன்.

உடனே சரி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "வூட்ல கேட்டுட்டு சொல்றேன் மேடம்" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நவம்பர் ஒன்றுக்குள் சொல்ல வேண்டும். உனக்கு மனசில்லை என்றால் நான் போகவில்லை. தண்டையார்பேட்டைக்கு வந்துவிடுகிறேன், அண்ணாச்சி குடோனில் ஏதாவது வேலை இருக்கும். பேச்சுக்குக் கேட்கவில்லை, நிஜமாகக் கேட்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

உன்
ஜேக்கப்


தண்டையார்பேட்டை
24.10.2024

அன்புள்ள ஜேக்கப்,

உன் கடிதம் வந்த அன்றைக்கே வேண்டாம் என்று எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். இரண்டு பக்கம், எல்லாம் நியாயமான காரணம். வயது, கால், வினிதா கல்யாணம், எல்லாம். மறுநாள் முபாஷிரிடம் கொடுக்கப் போய்த் திரும்பி வந்தேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. இன்றைக்குக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

பயமாக இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? இரண்டு வருஷமும் பயமாகத்தான் இருக்கும்.

ஆனால் நீ பாறையில் கயிற்றோடு இறங்கினதை அங்கே கீழே நின்று பார்த்தேன். முடிச்சைப் பிரிக்காமல் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ரமாபாய் கிண்டல் செய்தாள். அந்த முகத்தை நான் மூன்று வருஷமாகப் பார்க்கவில்லை. நான் வேண்டாம் என்றால் நீ வந்துவிடுவாய், எனக்குத் தெரியும். வந்து குடோனில் சாக்கு எண்ணிவிட்டு, சாயங்காலம் என் எதிரில் உட்கார்ந்து டி.வி. பார்ப்பாய். ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டாய். அந்த ஜேக்கப் எனக்கு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை போன் போடு. நான் நடுவில் பேச மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது, முயற்சி செய்கிறேன். நேற்றே உனக்குக் கம்பளி வாங்கிவிட்டேன், இரண்டு.

போயிட்டு வா.

உன்
ஃப்ளோரா